ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டம்: நேரில் போவதா, ஜூமில் சேர்வதா?

செலவு: இரண்டுக்கும் கட்டணமில்லை. நேரில் போனால் நன்கொடைக்கு ஒரு பை சுற்றி வரும். புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை.

அடையாளம்: ஜூமில் கேமராவை அணைத்துவிடலாம். நேரிலும் முதல் பெயர் போதும். ஆனால் சின்ன ஊரில், வாசலிலேயே தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் நியாயம்தான்.

நேரம்: ஷிஃப்ட் வேலைக்காரருக்கு ஜூம். நள்ளிரவிலும் ஏதோ ஒரு நாட்டுக் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

பிடிமானம்: இதில் நேரடிக் கூட்டம்தான் ஒரு படி மேல். முடிந்ததும் டீயோடு நின்று பேசலாம், போன் நம்பர் வாங்கலாம், ஸ்பான்சரும் (குடியை விட்டு, புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) அமையலாம். சாயங்காலம் கால் டாஸ்மாக் பக்கம் இழுக்கும்போது கூப்பிட அந்த நம்பர் வேண்டும்.

புதியவருக்கும் தனியாக இருப்பவருக்கும் நேரடி. பக்கத்தில் கூட்டமே இல்லாதவருக்கு ஜூம். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அவர் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும்.