‘முழு செற்’ எஞ்சின் பிளேன்: காசு போட முதல் இதை வாசியுங்கள்

கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் மொடல் பிளேன் ஆசையுள்ள பொடியளைக் குறிவைத்து பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ரிமோட் இல்லாமல் தானாகவே பறக்கும் மொடலுக்கு 0.8 சீசீ எஞ்சின், பல்சா என்ற இலேசான மரத்தாலான கிற், எரிபொருள், ரைமர் எல்லாம் சேர்த்து ‘முழு செற்’ என்கிறார்கள். முழுக் காசையும் வங்கியில் போட்ட பிறகுதான் பார்சல் வரும். வந்ததைப் பிரித்துச் சோதித்துப் பார்த்தோம். பறக்கவிடக்கூடிய சாமான் அதற்குள் ஒன்றுகூட இல்லை.

முதலில் எஞ்சின். 049 வகைப் (0.049 கன அங்குலம், அதாவது 0.8 சீசீ) பழைய கிளோ எஞ்சின்தான், அதாவது சூடான கம்பியால் எரிபொருளைப் பற்றவைப்பது, ஆனால் தேய்ந்தது. பிரொப்பெலரைச் சுற்றினால் கை நன்றாகவே இறுக்கத்தை உணர்கிறது. ஏமாற்றே அதில்தான் இருக்கிறது. உள்ளே காய்ந்து பிசினாகிப்போன ஆமணக்கெண்ணெய்தான் அந்த இறுக்கத்தைத் தருகிறது. மெதனோலால் கழுவி, இரண்டு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல எஞ்சின் என்றால் பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கி, பிரொப்பெலர் பின்னுக்குத் துள்ளும். ‘உஸ்’ என்று காற்றை விட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு போனால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன, அதற்கு மருந்து கிடையாது. இந்த வகையில் கிளோ கம்பி சிலிண்டர் தலையோடேயே இருக்கும். 1.5 வோல்ற் பற்றரி கொடுத்தால் செம்மஞ்சளாக ஒளிர வேண்டும். வந்த தலையில் கம்பி அறுந்து கிடந்தது. மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற் பற்றரியில் கொடுத்தால் நொடியில் இப்படித்தான் அறும். காசு போட முதல், உங்கள் பெயர் எழுதிய துண்டொன்றைப் பக்கத்தில் வைத்து, தலை ஒளிர்வதையும் எஞ்சின் ஓடுவதையும் ஒரே வீடியோவில் வெட்டாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எரிபொருள் என்று வந்தது பழைய தண்ணீர்ப் போத்தலில் பெற்றோலும் ரூ ஸ்ட்ரோக் ஒயிலும். கிளோ எஞ்சின் அதில் ஓடாது. அதற்குத் தேவை மெதனோல், சுமார் 20 சதவீதம் ஆமணக்கெண்ணெய், இந்தச் சிறிய எஞ்சின் என்பதால் 15 முதல் 25 சதவீதம் நைற்றோமெதேன். ஆமணக்கெண்ணெய் மெதனோலில் தெளிவாகக் கரையும். வாகன ஒயில் கரையாது, குலுக்கி வைத்தால் இரண்டு படையாகப் பிரிந்து நிற்கும். மெதனோல் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு. அதன் தீச்சுவாலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்திருக்கவே கூடாது. சாதாரணப் பார்சலில் அனுப்புவதும் தவறு.

பல்சாவை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். 1.5 மில்லிமீற்றர் தடிப்பு, 75 மில்லிமீற்றர் அகலம், 900 மில்லிமீற்றர் நீளமுள்ள தாள் 10 முதல் 16 கிராம் இருந்தால் செட்டைக்கு நல்லது. வந்தவை 30 கிராமைத் தாண்டின. ஒரு மீற்றர் அளவு செட்டையுள்ள மொடல் முழுவதும் சேர்த்தே 200 கிராம் அளவில் நிற்க வேண்டும். மரம் பாரமானால் மொடல் வேகமாக இறங்கும், விழுந்தால் எஞ்சின் பிடிப்போடு சேர்த்து மூக்கு நொறுங்கும்.

எல்லாவற்றையும்விட ஆத்திரப்பட வைப்பது ரைமர். எஞ்சினை நிறுத்தும் ரைமர் மட்டும்தான் இருந்தது, அதுவும் பிளாஸ்ரிக் பொம்மை. மொடலைக் கீழே இறக்கும் ஏற்பாடு ஒன்றுமே இல்லை. குறித்த நேரம் முடிந்ததும் வால் செட்டையின் பின்விளிம்பை இறப்பர் வளையம் சுமார் 45 பாகை மேலே இழுக்க வேண்டும், அப்போதுதான் மொடல் தட்டையாக இறங்கும். அறுவடை முடிந்த வயலில் நண்பகல் வெக்கை மேலெழும்போது இந்த ஏற்பாடு இல்லாத மொடல் ஏறிக்கொண்டே போய், காற்றோடு காட்டுக்குள் சேரும். வாலைப் பிடித்திருக்கும் கட்டை அறுக்கத் திரி கட்டி எரியவிடும் பழைய முறை காய்ந்த வைக்கோலில் தீ வைக்கும், அதனால் இங்கே பிசுபிசு எண்ணெய்க்குள் மெதுவாகச் சுற்றி நேரம் கணிக்கும் ரைமர்தான் சரி. முதற் பறப்புகளை மாலையில் காற்று அடங்கிய பிறகு, எஞ்சின் ஓட்டம் 5 விநாடிக்கு மேல் போகாமல் செய்யுங்கள்.

மொடல் காட்டுக்குள் போய்விட்டால், மிதிவெடி எச்சரிக்கைப் பலகையுள்ள இடத்துக்குள் ஒருவரும் இறங்க வேண்டாம். தெரியாத பற்றைக்குள்ளும் போக வேண்டாம். மொடல் போனால் போகட்டும்.

ஏற்கெனவே செற்றை வாங்கியவர்கள் அந்த எரிபொருளை எஞ்சினில் ஊற்றாமல் போத்தலை மூடி, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். வங்கிச் சிட்டை, உரையாடலின் படங்கள், பார்சல் உறை மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு கொடுங்கள்.