வாட்டர்டவுன் ஆர்சனலில் ஆறு வருடம்: பீரங்கிப் பட்டறை வளாகத்தில் ஒரு ஆபீஸ் மேசை

பாஸ்டனை ஒட்டிய வாட்டர்டவுனில், சார்லஸ் ஆற்றின் வடகரையில் இருக்கிறது என் ஆபீஸ். 1816-ல் அமெரிக்க ராணுவம் தொடங்கிய ஆயுதச்சாலை இது. கடலோரக் காவல் பீரங்கிகளைத் தாங்கும் பெரிய வண்டிகளை இங்கேதான் செய்தார்கள். 1995-ல் ராணுவம் முழுதாக வெளியேறியது. செங்கல் கட்டடங்களை இடிக்காமல் உள்ளே மட்டும் மாற்றி ஆபீஸ் வளாகமாக்கினார்கள். 2001-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வாங்கியது, 2013-ல் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு விற்றது. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தைக் கழித்துவிட்டால், ஆறு வருடம் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வெளிச்சம். மின்விளக்கை நம்பாத காலத்துப் பட்டறை ஜன்னல்கள், ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு. வெயில் நாளில் மேசை விளக்கே தேவைப்படாது. என் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தூண், கீழிருந்து மேல்வரை வரிசையாக ரிவெட் குமிழ்கள். பெயின்ட் பல தடவை ஏறி, குமிழ்களின் விளிம்பு மழுங்கிப்போயிருக்கிறது. போனில் பேசும்போது என் கை தானாக அதன்மேல் போய்விடும். புதுக் கண்ணாடிக் கட்டடத்தில் எனக்கு இப்படி ஒரு ஒட்டுதல் வந்ததில்லை.

குறை என்றால் சத்தமும் குளிரும். மேலே மூடாமல் கண்ணாடித் தடுப்பு மட்டும் வைத்த மீட்டிங் அறைகள். அங்கே ஒருவர் சிரித்தால் கூரை வரை போய் நம் தலையில் விழும். இரண்டு வருடம் முறையிட்ட பிறகுதான் ஒலி உறிஞ்சும் பலகைகள் தொங்கவிட்டார்கள், இப்போது பரவாயில்லை. ஜனவரியில் ஜன்னலோரம் ஜாக்கெட் கழற்ற முடியாது. தடித்த சுவருக்குள் செல்போன் சிக்னலும் சுமார்தான். காருக்கு இடம் உண்டு, கார் இல்லாதவர்களுக்கு ஆர்சனல் தெருவில் 70-ம் நம்பர் பஸ். மதியம் ஆற்றங்கரையில் நடக்கலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் மண். இங்கே யுரேனிய உலோகத்தை லேத்தில் கடைந்திருக்கிறார்கள். 1960 முதல் 1970 வரை ஒரு சிறிய ஆராய்ச்சி அணு உலையும் ஓடியது. 1994-ல் நாட்டின் மிக மாசுபட்ட இடங்களின் பட்டியலான சூப்பர்ஃபண்டில் சேர்த்து, சுத்தம் செய்து, 2006-ல் நீக்கினார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நான் கர்ப்பமாக இருந்தபோது இது தெரியவந்தது. ஒரு வாரம் சரியான தூக்கமில்லை. அரசு வெளியிட்ட ஆவணங்களை எடுத்து வைத்துப் படித்தேன். எந்தக் கட்டடத்தில் என்ன இருந்தது, எவ்வளவு மண்ணை அள்ளினார்கள் என்று பார்த்த பிறகுதான் மனசு அடங்கியது. பழைய ராணுவ இடத்தில் வேலைக்குச் சேரும் யாரும், சம்பளக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இந்தக் காகிதங்களைப் படித்துவிடுங்கள். பாதுகாப்பானது என்று மனிதவளத் துறை ஒரு வரியில் சொல்வது போதாது.

அந்தக் காகிதங்களைத் தேடும்போதுதான் 1911-ன் கதை கிடைத்தது. தொழிலாளர் வேலையை நேரம் வைத்து அளந்து திட்டமிடச் சொன்ன பொறியாளர் பிரெடரிக் டெய்லரின் முறைப்படி, வார்ப்புப் பட்டறையில் மணலில் அச்சு செய்யும் மோல்டர்களின் ஒவ்வொரு அசைவையும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க வந்தார்கள். ஜோசப் கூனி என்ற மோல்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், மற்ற மோல்டர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினாலும் விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. டெய்லரையே கூப்பிட்டு விசாரித்தார்கள். 1915-ல் ராணுவப் பட்டறைகளில் ஸ்டாப்வாட்சுக்கே தடை வந்தது.

எனக்கு இது யாரோ ஒருவர் கதையாகப் படவில்லை. என் அப்பா கோயமுத்தூரில் முப்பது வருடம் பவுண்டரி மோல்டர். மணலை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும், கடிகாரத்துக்குத் தெரியாது என்பார். ஒரு டிக்கெட்டை, அதாவது எனக்கு வரும் ஒரு வேலைக் கோரிக்கையை, எத்தனை நிமிடத்தில் முடித்தேன் என்று என் கம்ப்யூட்டரும் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கூனியின் பெயரை நான் தினமும் நடக்கும் வழியில் எங்கும் பார்த்ததில்லை. கட்டடத்தை இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றியவர்கள், அதற்குள் வேலை செய்தவர்களின் பெயரையும் ஒரு சுவரில் எழுத வேண்டும் என்று வளாக நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எழுதுவேன்.

போன கோடையில் அப்பா வந்திருந்தார். உள்ளே கூட்டிப்போனேன். கம்ப்யூட்டர், காபி இயந்திரம் எதையும் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தன ஒசரம் எதுக்குத் தெரியுமா சாமி? பொகையும் வெக்கையும் மேல போகோணும்ல."

அப்புறம் தூணைத் தட்டிப் பார்த்தார். "வார்ப்பு இல்ல, தகட்ட ரிவெட் அடிச்சுச் சேத்திருக்காங்க. நல்ல வேலை" என்றார்.