ஈக்குப் பலித்தது அப்பிச்சிக்குப் பலிக்குமா? ‘மைட்டோகாண்ட்ரியா’ கேப்சூல் குறித்த மதிப்புரை

ஈரோட்டில் ஊட்டச்சத்துப் பொருட்கள் விற்கும் கடையொன்றில், ‘மைட்டோகாண்ட்ரியாவைப் புதுப்பித்து மூளை நரம்புகளைக் காக்கும்’ என்ற வாசகத்துடன் விற்கப்படும் கேப்சூலைப் பற்றிய மதிப்புரை இது. மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் நுண்ணுறுப்பு. ஏறத்தாழ இதே சேர்மானத்தில் பல நிறுவனங்களின் குப்பிகள் கிடைப்பதால், நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய், அதாவது கை நடுக்கம் தரும் நரம்புச் சிதைவு நோய், இருப்பதால், சின்ன மாமா இரண்டு குப்பிகள் வாங்கிவந்தார். கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவன் என்பதால், வாங்கியது சரிதானா என்று பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

60 கேப்சூல்கள் கொண்ட குப்பியின் விலை 1,450 ரூபாய். ஒவ்வொன்றிலும், மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்திக்கு உதவும் கோஎன்சைம் க்யூ10 என்ற பொருள் நூறு மில்லிகிராமும், சிறிதளவு வைட்டமின் கே2-வும் உள்ளன. உடன் தரப்படும் துண்டறிக்கையில், பழ ஈக்களின் நரம்புச் சிதைவு இச்சத்துகளால் சரியானதாக அறிவியல் நிறுவிவிட்டது என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்ற வரி குப்பியின் பின்புறத்தில், மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத அளவில் இருக்கிறது. விவரம் கேட்கப் போனபோது கடைக்காரர் சொன்னார்: “ஏனுங்க, ஈயே பொழைச்சு எந்திரிச்சிருச்சுங்களாம், மனுசனுக்கு ஆகாதுங்களா?” நியாயமான கேள்விதான், துண்டறிக்கை எழுதியவர்கள் சொல்லாமல் விட்ட பதில் இதில்தான் இருக்கிறது.

ஈ ஆய்வுகளைக் குறைத்து மதிப்பிட எனக்குத் துளியும் மனமில்லை. எங்கள் ஆய்வகத்திலும் சோளமாவு, சித்தோட்டு வெல்லம், ஈஸ்ட், அகர் சேர்த்துக் காய்ச்சிய கூழில் பழ ஈக்களை வளர்க்கிறோம். கத்திரி வெயிலில் 25 டிகிரியைக் காத்து நிற்பதுதான் பெரும்பாடு, ஏனெனில் 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே ஆண் ஈக்கள் மலடாகிவிடும். குழாயை மேசைமீது தட்டினால் நலமான ஈக்கள் அடியில் விழுந்த மறுகணமே சுவரைப் பற்றி மேலேறும். நரம்போ தசையோ சிதைந்தவை அடியிலேயே தடுமாறிக்கொண்டிருக்கும். ஈக்களின் நரம்புச் சிதைவை அளவிட இந்த எளிய சோதனையை உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள்.

பழுதுபட்டால் மனிதரில் இளவயதுப் பார்க்கின்சன் நோயை உண்டாக்கும் ‘பார்க்கின்’ மரபணு 1998-இலும், ‘பிங்க்1’ மரபணு 2004-இலும் அடையாளம் காணப்பட்டன. பார்க்கின் இல்லாத ஈக்களில் பறப்புத் தசைகளின் மைட்டோகாண்ட்ரியா சிதைந்துபோவதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிங்க்1 இழந்த ஈக்களிலும் அதே கோளாறு தோன்றுவதையும், அவற்றில் பார்க்கினைக் கூட்டினால் கோளாறு தணிவதையும், பார்க்கின் இழந்த ஈயில் பிங்க்1-ஐக் கூட்டினால் பயனில்லை என்பதையும் 2006-இல் அமெரிக்காவிலும் கொரியாவிலும் இருந்த குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. பிங்க்1 முன்னின்று ஏவ, பார்க்கின் அதற்குப் பின் செயல்படுகிறது என்பது அதிலிருந்து தெளிந்தது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் மேலுறையில் பிங்க்1 சேர்ந்து பார்க்கினை அழைக்கிறது; பார்க்கின் அதன்மீது கழிவு முத்திரை குத்த, செல் அதை விழுங்கிச் செரித்துவிடுகிறது. வளர்ப்புச் செல்களில் பின்னர் விளங்கிய இந்தத் துப்புரவு வேலைக்கான முதல் தடயங்களுள் ஒன்று, பழக்கடையில் நாம் கைவீசி விரட்டும் பூச்சியிடமிருந்து கிடைத்தது.

துண்டறிக்கை பெருமைப்படும் கே2 செய்தியும் பொய்யன்று. பெல்ஜியத்தின் லூவென் நகர ஆய்வுக்குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பிங்க்1 இழந்த ஈக்களுக்கு வைட்டமின் கே2 ஊட்டியபோது அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தி கூடியது, பறக்கும் திறனும் மேம்பட்டது. ஆனால், அவை ஒரே ஒரு மரபணுவைத் திட்டமிட்டு நீக்கி உருவாக்கிய ஈக்கள். எண்பதைத் தாண்டிய அப்பிச்சிக்கு வந்திருப்பது, பெரும்பாலான முதியோருக்கு வருவதைப் போல, ஒற்றை மரபணுவைக் காரணம் காட்ட முடியாத நோய். ஈயில் நிறுவியதை இவருக்கு அப்படியே பொருத்துவதற்கு எந்த ஆதாரத்தையும் துண்டறிக்கை தரவில்லை.

கோஎன்சைம் க்யூ10-ஐப் பொறுத்தவரை மனிதரிலேயே பெரிய சோதனை நடந்து முடிந்துவிட்டது. தொடக்க நிலைப் பார்க்கின்சன் நோயாளிகள் 600 பேரிடம் நடந்து, 2014-இல் முடிவு வெளியான அந்தச் சோதனையில், நாளொன்றுக்கு 1,200 அல்லது 2,400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தும், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட எவரும் மேம்படவில்லை. பயன் தென்படாததால் சோதனையையே இடையில் நிறுத்தினார்கள். இந்தக் குப்பியைக் கொண்டு அந்தக் குறைந்த அளவை எட்டவே ஒருநாளைக்குப் பன்னிரண்டு கேப்சூல்கள் வேண்டும். ஒரு குப்பி ஐந்தே நாளில் தீரும், மாதச் செலவு 8,700 ரூபாய் ஆகும். குப்பியின் பரிந்துரையோ நாளொன்றுக்கு ஒரே ஒரு கேப்சூல். துண்டறிக்கையில் 2012-க்கு இடமிருக்கிறது, 2014-க்கு இடமில்லை என்பதே இந்தப் பொருளின்மேல் எனக்குள்ள முதன்மையான குறை.

பயன்படுத்துவதிலும் சிக்கல் உண்டு. எண்ணெய் நிரப்பிய இந்தக் கேப்சூல் பெரியது. விழுங்குவதே சிரமமாகிவிடும் நோயாளிக்கு இதைத் தயாரித்தவர்கள், அந்த நோயாளியை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அப்பிச்சி அதை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தும் இறங்காமல், அத்தை ஊசியால் குத்திக் கரண்டியில் பிழிந்து கொடுக்கப்போக, ஆரஞ்சு நிற எண்ணெய் வேட்டியில் பட்டுச் சோப்புக்கும் போகாத கறையாயிற்று. கை நடுக்கத்தில் மாற்றம் எதையும் நாங்கள் காணவில்லை. ஒருவரிடம் கண்டதை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை, விலை கொடுப்பவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்றே எழுதுகிறேன்.

இதய நோய்க்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் இந்தக் குப்பியைத் தொடக்கூடாது. வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் கெடுக்கும். இந்த எச்சரிக்கை துண்டறிக்கையில் எங்கும் இல்லை. நரம்பியல் மருத்துவர் எழுதிக்கொடுத்த பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது அதைவிட ஆபத்தானது.

பொருளுக்கு ஐந்தில் ஒரு மதிப்பெண், அதுவும் சேர்மானத்தையும் அளவையும் ஒளிக்காமல் அச்சிட்டதற்காக. கடைக்கு நான்கு கொடுப்பேன்: பிரிக்காத இரண்டாவது குப்பியைச் சின்ன மாமா திருப்பிக் கொடுத்தபோது, பில்லைக்கூடக் கேட்காமல் முழுப் பணத்தையும் தந்தார்கள்.