பழைய 407-க்கு பிரேக் சாமான்: எதைப் புதிதாக வாங்குவது, எதைப் பழையதாக?

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் 1999 மாடல் டாடா 407 லாரியின் பின்சக்கரத்தில் ஈரத் தடம் தெரிந்தது. சக்கரத்தோடு சுழலும் டிரம்மைக் கழற்றினால், பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிந்து, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் ஊறிக் கிடந்தது. டிரம்மின் விளிம்பில் நகம் சிக்கும் அளவுக்கு மேடு. மூன்றையும் மாற்றியாக வேண்டும்.

வாங்க நான்கு வழி உண்டு: வண்டிக் கம்பெனியின் முத்திரை போட்ட சாமான், பிரேக் பாகம் தயாரிப்பவர்களின் சொந்தப் பெயரில் வருவது, பெயர் தெரியாத மலிவுச் சரக்கு, சென்னை புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது. எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. சாமானைச் சொன்னால்தான் பதில்.

வீல் சிலிண்டரில் பழையது வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; நாளாவட்டத்தில் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்துக் குழி விழும். போன வருடம் காசு மிச்சம் பிடிக்க நினைத்து, உட்சுவரை உப்புத்தாளால் தேய்த்து, மலிவான ரப்பர் கிட் மட்டும் போட்டோம். இப்போது வழிந்தது அதே சிலிண்டர்தான். குழியின் விளிம்பு புது ரப்பரையும் அறுத்துவிடும். இந்த முறை முழு சிலிண்டராகவே வாங்கினேன். கம்பெனி முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுக்கவில்லை, டி.வி.எஸ். கெர்லிங் பெட்டியே போதும் என்று பட்டது. அது சென்னைப் பாடி பகுதியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் சரக்கு. பிரேக் செய்வதுதான் அவர்கள் தொழில்.

லைனிங் விஷயத்தில், அதைத் தாங்கும் ஷூ பழையது, லைனிங் புதியது. ஷூ வெறும் இரும்பு. வளையாமல் இருந்தால் போதும். லைனிங்கில் ரானே, சுந்தரம் ஆகிய இரண்டு கம்பெனிகளில் எது கிடைத்தாலும் வாங்கலாம். அதைவிட முக்கியம் ரிவெட் அடிப்பவரின் கை. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனிங் தூக்கிக்கொள்ளும். அடித்து முடித்ததும் ஷூவுக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. ஆயிலில் ஊறிய லைனிங்கைத் தீயில் வாட்டிப் போடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சூடேறினால் ஆயில் மறுபடி மேலே வரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிரம்முக்குத்தான் புதுப்பேட்டை. புதிய மலிவு டிரம்மைவிட, வண்டியோடு வந்த பழைய அசல் டிரம் எனக்கு நம்பிக்கை. ஆனால் லேத்தில் இன்னும் எவ்வளவு கடையலாம் என்று அளந்து வாங்க வேண்டும். அதற்குமேல் போகக் கூடாத விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே வார்த்திருக்கும். கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியால் லேசாகத் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். நான் பார்த்த முதல் டிரம் சட்டிபோல் 'டக்'கென்றது. திருப்பிப் பார்த்தால் மயிரிழை விரிசல். இரண்டாவது ஒலித்தது. அதை லேத்தில் கொடுத்தபோது எதிர்ப்பக்க டிரம்மையும் சேர்த்து ஒரே அளவுக்குக் கடையச் சொன்னேன்.

எல்லாம் மாட்டி, பிரேக் குழாயிலிருந்த காற்றை எடுத்தபின் பெடலை ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்தேன். கீழே இறங்கவில்லை. அதனால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் இந்த முறை கை வைக்கவில்லை.