தாமஸ்: புத்தகமா, தொலைக்காட்சியா?

ரயில் பித்துப் பிடித்த பிள்ளைக்கு, முகம் வைத்த கதை இன்ஜினான தாமஸை எதிலிருந்து அறிமுகப்படுத்துவது? பாதிரியார் வில்பர்ட் ஆட்ரியின் புத்தகங்களிலிருந்தா, 1984இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரிலிருந்தா? என் ஓட்டு புத்தகத்துக்கு.

1943இல் தட்டம்மை கண்டு படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்கு ஆட்ரி சொன்ன கதைகளில் பிறந்தது இந்த உலகம். முதல் புத்தகம் 1945இல் வந்தது. 1972க்குள் 26 எழுதிவிட்டார். இன்ஜின்களுக்கு முகம் வைத்தாலும், ரயில்வே விதி பிசகினால் ஆட்ரிக்குப் பொறுக்காது. தண்டனையிலும் தயவில்லை: மழையில் வண்ணம் கெட்டுவிடும் என்று சுரங்கத்தைவிட்டு வர மறுத்த ஹென்றி என்ற இன்ஜினின் முன்னே சுவரே எழுப்பிவிடுகிறார்கள்! விடுதலை பிறகுதான். வேல்ஸின் டாலிலின் ரயில்வேயில் 1952இல் தன்னார்வக் கார்டாக இருந்தபோது, சிற்றுண்டி விற்கும் பெண்மணியை நிலையத்திலேயே விட்டுவிட்டு ரயிலைக் கிளப்பிவிட்டார். அதையும் பின்னர் கதையாக்கினார். பிள்ளைகள் இந்த நிஜத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

தொடருக்கும் அழகு உண்டு. ஆரம்பப் பருவங்களில் நிஜமான மாதிரி ரயில்கள் புகை கக்கி ஓடின. கதை சொல்ல பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டாரின் குரல் வேறு. அப்போது பெரும்பாலும் ஆட்ரியின் கதைகளையே எடுத்தார்கள். பிறகு புதிதாக எழுதத் தொடங்கியதும் ரயில்வே நடைமுறை தெரியாதவர்கள் எழுதுகிறார்கள் என்று ஆட்ரி வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். பிற்காலத்து கணினி வரைகலைப் பருவங்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் முதல் இரண்டு பருவங்களைக் காட்டலாம். அதற்கு மேல் என்றால் புத்தகத்தை மடியில் வைத்து வாசித்துக் காட்டுங்கள்.