பெட்டியில் ஏழு கிலோ பழைய உலோகம்: கடலூரில் படகுச் சாமான் செய்த அனுபவம்

இந்த முறை பெட்டியில் துணிமணிக்கு அடியில் ஏழு கிலோ பழைய உலோகத்தை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். சென்னை விமான நிலையத்தில் திறந்து காட்டச் சொன்னார்கள். துண்டு துண்டாக எடுத்து வைத்து, "படகுச் சாமான், ரிப்பேருக்கு" என்றேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

இங்கிலாந்தில், எசெக்ஸ் பக்கம் பிளாக்வாட்டர் கழிமுகத்தில் என் பாய்மரப் படகு நிற்கிறது. வெஸ்டர்லி சென்டார், 26 அடி. 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கு மேல் கட்டிய ரகம். அடியில் துடுப்பு போல நீட்டியிருக்கும் கீல் (keel) இரண்டு இருப்பதால் தண்ணீர் வற்றினாலும் சேற்றில் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கும். ஐம்பது வயதான படகு, இன்னும் திடமாக இருக்கிறது. சின்னச் சின்னப் பொருத்துகள்தான் ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோகின்றன. அதே அளவில் புதிதாக வாங்க முடிவதில்லை. பழைய படகுச் சாமான் சந்தைகளில் இரண்டு வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் கொண்டுவந்தவை இவை. படகின் முன்முனையில் கட்டுக்கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்ளும் வெண்கலக் கொம்பு. அங்கே ஃபேர்லீட் என்பார்கள். எனக்கு முன் படகை வைத்திருந்தவர் பொருத்தியது. ஜோடியில் வலது நன்றாக இருக்கிறது, இடது உடைந்து பாதி கடலோடு போய்விட்டது. அப்புறம் பாய்மர உச்சியில் உள்ள கப்பியின் உருளைகள் இரண்டு, மரத்தை இழுத்து நிறுத்தும் கம்பிகளின் திருகுகள் இரண்டு, கடைசியாக ஒடிந்த பித்தளை போல்ட் ஒன்று.

அந்த போல்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது ஒரு பட்டறையில் நான்கு போல்ட் கடைந்து வாங்கிப் போனேன். அளவு கச்சிதம், பளபளப்பு கண்ணைப் பறித்தது. போன கோடையில் ஒன்றை ஸ்பேனர் வைத்துத் திருப்பியபோது பிஸ்கட் போல ஒடிந்தது. உள்ளே மஞ்சள் நிறமே இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. பித்தளையில் செம்போடு துத்தநாகம் நிறைய இருக்கும். உப்புத் தண்ணீர் அந்தத் துத்தநாகத்தை மெல்ல மெல்லத் தின்றுவிட்டு, செம்பை மட்டும் பஞ்சு போல விட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் முழுசாகவே தெரியும். கடைந்து கொடுத்தவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நான் பித்தளை என்று கேட்டேன், அவர் பித்தளையில் கொடுத்தார். உலோகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்கவேண்டியது நான்தான்.

போகிக்கு இரண்டு நாள் முன்பு வந்து இறங்கினேன். யாரும் அப்படி வராதீர்கள். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று பட்டறைகள் மூடியிருந்தன. அது முடிந்ததும் தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளோடு நானும் போய், சாமிகள் ஆற்றுக்கு வருவதையெல்லாம் பார்த்தேன். மனசு நிறைந்தது. ஆனால் மூன்று வார விடுப்பில் ஒரு வாரம் போய்விட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் வேண்டாம். அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்ப்புக்குக் காத்திருக்கும். கைப்பிடி அளவுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போனால் யாருக்கும் நேரம் இருக்காது.

சித்தப்பா வீடு மஞ்சக்குப்பம். முதலில் அவருக்குத் தெரிந்த கார், டிராக்டர் வேலை பார்க்கும் லேத்துக்குத்தான் அழைத்துப் போனார். நல்ல மனிதர், ஆனால் கடல் தண்ணீர் என்றதும் யோசித்தார். "முதுநகர் போயிடுங்க, அங்க போட்டு ஷாஃப்ட் கடையறவங்க இருக்காங்க" என்று அவரே வழி சொன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய உதவி. கெடிலம் பாலம் தாண்டி முதுநகருக்குப் போனால் உப்பனாற்றங்கரைத் துறைமுகம். விசைப்படகின் புரொப்பல்லர் ஷாஃப்ட், அது சுற்றும் புஷ், சுக்கான் ஊசி என்று நாள் முழுக்கக் கடல் சாமானையே கையில் வைத்திருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்த உலோகம் உப்பில் எத்தனை வருடம் நிற்கும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அங்கே நான் பார்த்த லேத்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒடிந்த போல்ட்டைக் கையில் வாங்கி, ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பித்தளை. கன்மெட்டல் கேட்டிருக்கணும் தம்பி" என்றார். வெள்ளீயம் சேர்ந்த வெண்கல ரகம் அது. நான் எதுவும் விளக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டார். அப்போதே இவரிடம்தான் வேலை என்று முடிவு செய்துவிட்டேன்.

வெண்கலக் கொம்பு விஷயத்தில் என் திட்டம் எளிதானது. நல்ல வலது கொம்பை மணலில் அழுத்தி அச்செடுத்து, அதில் உலோகத்தை ஊற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் கொம்பை மேசைமேல் வைத்து ஒரு சணல் கயிற்றை அதன் வாய் வழியாக நுழைத்துப் பார்த்தார்.

"இது ரைட்டு. உங்களுக்கு வேணுங்கிறது லெஃப்டு. இதை வச்சு ஊத்தினா இன்னொரு ரைட்டுதான் வரும்."

இரண்டு வருடம் அந்தக் கொம்போடு வாழ்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை. கயிறு துள்ளி வெளியே வராமல் இருக்க வாய்ப்பிளவு சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். இடதுக்கும் வலதுக்கும் சாய்வு எதிரெதிர். செருப்பு மாதிரிதான்.

"அப்போ என்னண்ணே செய்யறது?"

"மரத்துல அச்சு செதுக்கணும். மேஸ்திரி ஒருத்தர் இருக்காரு, வாங்க."

அந்த மேஸ்திரி மரப்படகு கட்டியவர். இப்போது பைபர் படகுகள் வந்தபிறகு மரவேலை குறைந்துவிட்டது, பழுதுபார்க்கும் வேலைதான் அதிகம் என்றார். அவர் வேலை செய்த விதத்தை நான் மறக்க மாட்டேன். முதலில் கொம்பின் மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்து, தாளைக் குப்புறத் திருப்பித் தேக்குத் துண்டில் ஒட்டினார். வெளி வடிவம் அதில் வந்துவிட்டது. வளைவுகளுக்கு, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொம்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். இரண்டு நாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இடையிடையே என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் கயிற்றைப் பற்றித்தான்: எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம் இழுக்கும், அலையில் மேலே ஏறுமா?

அச்சு அசல் அளவில் இருக்கக்கூடாது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். கன்மெட்டலுக்கு நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்தார்கள். என் கொம்பு 180 மில்லிமீட்டர் நீளம், ஆக அச்சு ஏறக்குறைய 183. மணலிலிருந்து கிழியாமல் வெளியே வர விளிம்புகளில் லேசான சாய்வு வேண்டும். போல்ட் ஓட்டைகளை அச்சில் வைக்காமல் வார்த்தபின் துளைத்துக்கொள்ளலாம். உங்களிடம் அதே பக்கத்துப் பழைய சாமான் இருந்து, அதையே அச்சாக வைப்பதாக இருந்தாலும் இந்தச் சுருக்கத்தை மறக்காதீர்கள். மேலே புட்டி பூசித் தடிப்பாக்கிவிட்டுத்தான் மணலில் வைக்கவேண்டும்.

வெண்கலச் சிலை வார்ப்பவர்களைத் தேடிச் சுவாமிமலைக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கும் முறை ஒற்றைச் சாமானுக்கு மிகவும் பொருத்தமானது. சுருக்கம் தவிர வேறு தொல்லை இல்லை, எந்த வளைவும் வரும். ஆனால் அவர்களுடைய உலோகக் கலவை சிலைக்கானது. அவர்களுடைய வரிசையில் காத்திருக்க என்னிடம் நாளும் இல்லை.

வார்ப்புப் பட்டறை புதுச்சேரி பக்கம், வில்லியனூர் போகும் வழியில். அங்கே முதலில் பழைய தண்ணீர்க் குழாய்களைக் காட்டி, "இதை உருக்கிடலாம் சார், நல்ல மெட்டல்" என்றார்கள். அது பித்தளை. ஏற்கெனவே ஒருமுறை பட்டவன் என்பதால் பிடிவாதமாக நின்றேன். கன்மெட்டல் வேண்டுமென்றால் எல்.டி.பி.2 என்று கேளுங்கள். நூற்றுக்குச் செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் மூன்றும் ஐந்தைந்து. இந்தப் பெயரைச் சொன்னதும் அவர்களுடைய பேச்சே மாறியது. கட்டியாகவே வைத்திருந்தார்கள், விலைதான் கூடுதல். அரத்தால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். பித்தளை எலுமிச்சை மஞ்சள், கன்மெட்டல் சிவப்போடிய மஞ்சள்.

மூன்று கொம்பு வார்த்தார்கள். முதலாவதில் வளைவு சேரும் இடத்தில் காற்றுக் குமிழ் விழுந்திருந்தது. கயிறு முழுப் பாரத்தையும் போடும் இடம் அது, வேண்டாம் என்றேன். முகம் சுளிக்காமல் திரும்ப மூசையில் போட்டுவிட்டார்கள். மற்ற இரண்டும் சுத்தமாக வந்தன. வார்ப்பு வாய்க்காலில் மிஞ்சிய துண்டு ஒன்றை அறுத்து வாங்கி, சென்னையில் சோதனைக்கூடத்தில் கொடுத்துக் கலவை பார்த்தேன். வெள்ளீயம் ஐந்துக்குச் சற்றுக் குறைவு, மற்றதெல்லாம் சரி. சோதனைக்கு ஆன 1,200 ரூபாயைச் செலவு என்றே நான் நினைக்கவில்லை.

அப்புறம் கப்பி உருளைகள். அசல் உருளை டஃப்னால், அதாவது பருத்தித் துணியை அடுக்கடுக்காகப் பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகை. இந்தியாவில் இதையே ஹைலம் என்று எலக்ட்ரிக்கல் வேலைக்கு விற்கிறார்கள். பேப்பர் ஹைலம் வேண்டாம், துணி ஹைலம் என்று கேட்டு வாங்கவேண்டும். நைலான் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் தண்ணீர் குடித்து உப்பி, கப்பிக்குள்ளேயே இறுகிவிடும். பழைய உருளையில் பள்ளம் குறுகலாக இருந்தது. அந்தக் காலத்தில் பாய் ஏற்ற எஃகுக் கம்பி ஓடியது, இப்போது நான் போட்டிருப்பது கயிறு. அதனால் பழையதை அப்படியே நகல் எடுக்காமல் பள்ளத்தை அகலமாக, உருண்டையாகக் கடையச் சொன்னேன். கடையும்போது கார்பாலிக் வாசனையோடு பழுப்புத் தூள் பறந்தது. லேத் அண்ணனும் அவருடைய பட்டறைப் பையனும் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டார்கள். நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். நீங்களும் இந்த வேலை கொடுத்தால் அதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கொம்புக்கு அடியில், தளத்தின் உள்பக்கம் வைக்க ஸ்டெயின்லெஸ் தகடு வேண்டியிருந்தது. ஒரு கடையில் கடல் தண்ணீருக்குத் தாங்கும் 316 ரகம் என்று சொல்லி விற்றார்கள், விலையும் 316 விலைதான். காந்தம் ஒட்டவில்லை, நானும் திருப்தியாக வந்தேன். லேத் அண்ணன் தகட்டில் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டார். சிவந்துவிட்டது. மாங்கனீசு அதிகமுள்ள 200 வரிசை, கடலுக்கு ஆகவே ஆகாது. காந்தம் இதிலும் ஒட்டாது, அதிலும் ஒட்டாது, ஆகவே காந்தத்தை நம்பவேண்டாம். வெட்டிய தகடு என்பதால் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை வேறு இடத்தில் டி.சி. எனும் உலோகச் சோதனைச் சான்றிதழ் கேட்டு, அதிலுள்ள ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) தகட்டில் குத்தியிருந்த எண்ணும் ஒன்றா என்று பார்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

கம்பித் திருகுகளை மட்டும் அண்ணன் தொடவில்லை. ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. இடது மரை வெட்டும் கருவியான டேப் அவரிடம் இருந்தது, கடைய முடியாமல் இல்லை. "மரத்தையே இதுதானே தாங்குது? எத்தனை டன் தாங்கும்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. இதை மட்டும் காசு கொடுத்துப் புதுசா வாங்கிக்கங்க." நான் வற்புறுத்தவில்லை. லண்டன் திரும்பியதும் முறிவுப் பாரம் குறித்த புதிய திருகுகளை வாங்கினேன்.

செலவு கேட்பவர்களுக்காக: மர அச்சு 2,000 ரூபாய், வார்ப்பு இரண்டுக்கும் சேர்த்து 2,600, துளைத்து அரம் போட்டு மெருகேற்ற 900, உருளைகள் ஹைலத்தோடு 1,400. நாட்கள் பதினொன்று. மேஸ்திரி கேட்டது 1,500தான், எனக்கு மனசு கேட்கவில்லை. வருவதற்கு ஒரு மாதம் முன்பே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நாள் மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் படத்தைப் பார்த்து யாரும் இடது, வலதைப் பிடித்திருக்க மாட்டார்கள். சாமானைக் கையில் கொடுக்கவேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் வாங்கப் போனபோது, அண்ணன் கொம்பை வைஸில் பிடித்து, விசைப்படகுக் கயிறு ஒன்றை அதில் கோர்த்து, பையனை ஒரு பக்கம் இழுக்கச் சொல்லி முன்னும் பின்னும் ஓடவிட்டார். உள்விளிம்பில் ஓரிடத்தில் கயிற்றின் இழை தூக்கியது. நான் கவனிக்கவே இல்லை. அவர் மறுபடி அரத்தை எடுத்து அரைமணி நேரம் உட்கார்ந்தார். அந்த அரைமணிக்குக் காசு வாங்கவில்லை.

ஏப்ரலில் கொம்பைப் பொருத்தினேன். இரண்டாவது கொம்பு உதிரியாகப் படகிலேயே இருக்கிறது. மேஸ்திரி செதுக்கிய தேக்கு அச்சு மஞ்சக்குப்பத்தில் சித்தப்பா வீட்டுப் பரணில், செய்தித்தாள் சுற்றி, "இடது" என்று எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காவது அந்த அளவு பொருந்தினால் தாராளமாக எடுத்துப் போய் வார்த்துக்கொள்ளலாம்.