நாற்பது நாள் கடலுக்குப் போகும் போட்டுக்கு எந்தப் புயல் கணிப்பு துணை?

குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, நாற்பது நாளுக்கான அரிசி சாமானோடு போட் கிளம்பும்போது கரையில் நிற்பவர்களுக்கு ஒரே கவலைதான். இடையில் புயல் வந்துவிடுமா? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் லட்சத்தீவையும் மாலத்தீவையும் தாண்டி தூண்டில் போடுகிறவர்கள். இன்று அவர்களுக்குக் கிடைக்கும் கணிப்புகள் மூன்று: பருவத்துக்கு முன்பே வருவது, இரண்டு வாரத்துக்கானது, அன்றாடம் வருவது.

பருவக் கணிப்பை நன்றாகப் பயன்படுத்துகிறவர்கள் பசிபிக் தீவு நாட்டுக்காரர்கள். அங்கே புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. எந்தத் தீவுப் பக்கம் ஆபத்து கூடுதல் என்று பிஜியின் நாடி வானிலை மையம் பருவம் தொடங்குமுன்பே சொல்லிவிடும். பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில், அந்தச் சூடான நீரோடு புயல்களும் குக் தீவுகள், சமோவா என்று கிழக்கே நகரும். அதே பகுதி குளிர்ந்திருக்கும் லா நினாவில் வனுவாட்டு, நியூ கலிடோனியா என்று மேற்கே ஒதுங்கும். தீவு இருந்த இடத்திலேயே இருப்பதால், கூரையைப் பலப்படுத்தவும் குடிநீர் சேமிக்கவும் மாதக்கணக்கில் நேரம் கிடைக்கிறது.

ஆனாலும் 2017-18 லா நினா பருவம்தான். அந்தப் பருவத்திலேயே, 2018 பிப்ரவரியில், கிழக்கே இருக்கும் டோங்காவைக் கீட்டா புயல் சிதைத்தது. அதே பருவத்தில்தான் நமக்கு ஒக்கி புயல். வாய்ப்பு குறைவு என்றால் வராது என்று பொருள் கிடையாது.

அரபிக்கடலுக்கு எல் நினோவை மட்டும் பார்த்தால் போதாது. இந்தியப் பெருங்கடல் இருமுனையையும், அதாவது அந்தக் கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். 2019இல் பெருங்கடலின் மேற்குப் பகுதி மிகவும் சூடாக இருந்தது. அரபிக்கடலில் 5 புயல்கள் வந்தன. கியாரும் மகாவும் ஒரே நேரத்தில் சுழன்றன. அப்படிப்பட்ட வருடத்தில் கடன் வாங்கிப் புது போட் இறக்குவதா, கொஞ்சம் பொறுப்பதா என்று யோசிக்கப் பருவக் கணிப்பு உதவும். போட்டை எந்த நாளில் விடுவது என்பதற்கு உதவாது.

அன்றாட எச்சரிக்கைக்கு வேறு குணம். மொரிசியஸில் முதல் நிலை எச்சரிக்கை 36 முதல் 48 மணி நேரம் முன்னதாக வரும். வீட்டில் இருப்பவர் கதவு ஜன்னலை அடைத்துக்கொள்ள அது தாராளம். இங்கேயும் வள்ளத்தில் போய் அன்றே திரும்புகிறவருக்குத் துறைமுகப் புயல் கூண்டு போதும். எங்கோ தெற்கே வீசிய காற்றால் எழுந்து வந்து, இங்கே காற்றே இல்லாமல் கரையேறும் கள்ளக்கடல் அலைக்கும் இதுதான் சரி.

தூரக்கடலில் இருப்பவருக்கு? மணிக்கு 8 கடல் மைல் ஓடும் போட் 500 கடல் மைல் திரும்பி வர 62 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒக்கி 2017 நவம்பர் 29 காலை இலங்கை அருகே தாழ்வு மண்டலம். 30 காலை குமரிக்கடலில் புயல். ஒரே நாள். போன பலர் திரும்பவில்லை. பூமத்திய ரேகைக்கு 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது என்பதால் தெற்கே ஒதுங்கலாம்தான். அதற்கும் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் நான் பெரிதும் நம்புவது இரண்டு வாரக் கணிப்பை. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழனும் இதை வெளியிடுகிறது. 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றிவரும் ஒரு பெரிய மேகக்கூட்டம் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் வரும்போது இங்கே புயல் உருவாகும் வாய்ப்பு கூடும். அதையும் வைத்துத்தான் இந்தக் கணக்கு. எந்த ஊரைத் தாக்கும் என்று சொல்லாது; எந்தக் கடலில், எந்த வாரம் என்று சொல்லும். நாற்பது நாள் பயணத்தில் முதல் இரண்டு வாரம் தெரிந்து கிளம்பலாம். மீதி நாளுக்குப் புதிய கணிப்பு நடுக்கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். கரையை விட்டு வெகுதூரம் போனால் வயர்லெஸ் எட்டாது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கும் ஜெமினி கருவியோ டிரான்ஸ்பாண்டரோ வேலை செய்கிற நிலையில் இருக்கிறதா என்று ஐஸ் ஏற்றும்போதே பார்த்துவிட வேண்டும்.

வியாழக்கிழமைக் கணிப்பை எளிய தமிழில் எழுதி, ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது சேர்த்து வாசித்தால், திங்கள் காலை கிளம்பும் போட்டுக்கு அது கட்டாயம் போய்ச் சேரும். தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்ப் பங்குக் கோயில்களும் இந்த அக்டோபரிலேயே இதைத் தொடங்க வேண்டும்.